பூவை உடுத்திய புழு

ஓரகத்திகள் இருவரும் சேர்ந்து நடத்தும் பூக்கடை அது. மூத்தவள் வாய் திறந்து யாரையும் பாராட்டியதில்லை. இளையவள் கட்டிய பூச்செண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "ம்" என்பாள். அந்த 'ம்'மோடுதான் இளையவள் எட்டு வருடம் குப்பை கொட்டியிருந்தாள்.

அன்று காலை அவள் மஞ்சள் செவ்வந்திக் காம்புகளை நறுக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு பூவின் மேல் கிடந்த இதழ்த் துணுக்குகள் நகர்ந்தன.

"அக்கா, இங்க வாங்களேன். பூ நடக்குது!"

"ராத்திரி சரியாத் தூங்கலையா நீ?"

மூத்தவள் வந்து குனிந்தாள். நகத்தளவுப் புழு. முதுகெல்லாம் மஞ்சள் துணுக்குகள். உடம்பை வில்லாக வளைத்து ஓர் அடி வைத்தது. இதழோரத்தைக் கொறித்தது. பிறகு ஒரு துண்டைக் கடித்தெடுத்து, தலையைப் பின்னால் திருப்பி, வாயிலிருந்து வந்த நூலால் முதுகில் ஒட்டிக்கொண்டது.

பூ இறக்க வந்த வேன்காரர் எட்டிப் பார்த்தார். "காவடிப்புழும்மா. மருந்தடிச்சிருங்க, பூவைத் தின்னே தீர்த்துடும்."

மூத்தவள் மருந்துப் புட்டியை எடுத்தாள். தூக்கிய கை அப்படியே நின்றது.

"இரு, இரு. இன்னொண்ணு ஒட்டுது பாரு."

புழுவைக் கண்ணாடி ஜாடியில் விட்டு, ஊதா ஆஸ்டர் ஒன்றை வைத்து, வாயைத் துணியால் கட்டினார்கள். மறுநாள் மதியம் ஜாடியின் அடியில் வாடிய மஞ்சள் துணுக்குகள் உதிர்ந்து கிடந்தன. புழு ஊதாவுக்கு மாறியிருந்தது.

"பழசைக் கழட்டிப் போட்டுட்டு புதுசு மாத்திக்கிச்சுக்கா!"

"பொறந்து பத்து நாள் இருக்குமா இதுக்கு? என்ன நேர்த்தி!" என்றாள் மூத்தவள். இளையவள் புழுவை விட்டுவிட்டு அவளையே பார்த்தாள்.

அதன்பின் தினமும் வாளியிலிருந்த முதல்தரமான பூ ஜாடிக்குத்தான் போனது. ஒருவர் கடைசி ஊதாக் கொத்தைக் கேட்டபோது, "அது வித்துப்போச்சு" என்று மூத்தவள் கூசாமல் சொன்னாள்.

ஒரு வாரத்தில் புழு, இதழ்களுக்குள்ளேயே கூட்டுப்புழுவானது. அதிலிருந்து பத்தாம் நாள் இளையவள் பக்கத்துத் தெரு ஓட்டலில் மேஜைகளுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

"போட்டது போட்டபடி ஓடி வா."

மூச்சிரைக்க வந்தாள். ஜாடிச் சுவரில் இளம்பச்சை அந்துப்பூச்சி ஒன்று, வெள்ளைக் கோடு போட்ட இறக்கைகளை விரித்து உட்கார்ந்திருந்தது. துணி அவிழ்க்கப்படவில்லை.

"தெறந்திருக்கலாமேக்கா?"

"நீ இல்லாம எப்படி?"

வாசலில் வைத்து அவிழ்த்தார்கள். பூச்சி விளிம்பில் சற்றுத் தயங்கி, எதிர்ச்சாரி மரத்தை நோக்கிப் பறந்து இலைகளுக்குள் மறைந்தது. இருவரும் அண்ணாந்தபடியே நின்றார்கள். உள்ளே காத்திருந்த வாடிக்கையாளரும் வெளியே வந்து, எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமலே அண்ணாந்து பார்த்தார்.