அடைத்த துளைகள் நான்கு

சேசிஸ்காரரை வீட்டில்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்குப் போனாலும் வாசலில் நிற்கும் லாரிக்கடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார். போர்க்கால ராணுவ வண்டிகளை சேசிஸ் எனும் அடிச்சட்டத்தை வைத்தே வகை சொல்வதில் புலி. அந்தப் புலி சென்ற ஆண்டு இரண்டு தடவை பூனையானது தனிக்கதை.

இப்போது பழைய இரும்புக் கிடங்கில் ஒரு லாரி. போருக்குப் பிறகு ரொட்டி சுமந்து, தண்ணீர் சுமந்து ஓய்ந்தது. பீரங்கி இழுத்த வகை என்றால் அருங்காட்சியகம் எடுத்துக்கொள்ளும்; வெறும் சரக்கு வண்டி என்றால் மதியமே வெட்டு. இரண்டுக்கும் நீள அகலம் ஒன்றுதான். இழுவை வண்டியின் இடது சட்டத்தில் மட்டும் இரும்பு வடம் சுற்றி இழுக்கும் வின்ச் மாட்ட நான்கு துளைகள் இருக்கும். ராணுவம் விற்கும்போது அவற்றை வெல்டிங் வைத்து அடைத்துவிட்டது.

சேசிஸ்காரர் அடியில் மல்லாந்து கிடந்து அரைமணி நேரமாகத் தடவிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, தூங்கிட்டீங்களா?” என்றான் வண்டியை வெட்டக் காத்திருந்த கேஸ் கட்டர்காரன்.

“தூங்குனா குறட்டையே சொல்லும்டா!”

அருங்காட்சியக அதிகாரியம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். “ஒரு துளையாவது காட்டுங்க சார். இல்லேன்னா நான் கிளம்புறேன்.”

துணைக்கு வந்திருந்த மனைவி, ஓய்வுபெற்ற நர்ஸ், குனிந்தாள். “என்னங்க, இடது பக்கம்னுதானே சொன்னீங்க?”

“அதத்தானே தடவுறேன்!”

“அது உங்களுக்கு இடது. வண்டி மூக்குப் பக்கம் தலைய வச்சு மல்லாந்து படுத்திருக்கீங்க. வண்டிக்கு இடது இந்தப் பக்கம்.”

சேசிஸ்காரர் அடியிலேயே புரண்டு இந்தப் பக்கம் வந்தார்.

அவள் இடது சட்டத்தில் கை வைத்தாள். ஏழெட்டுப் பூச்சு பெயிண்ட். முப்பது வருஷம் பச்சைக் குழந்தைகளின் கையில் நரம்பு தேடிய விரல்கள் நகர்ந்தன, நின்றன, ஒரு வட்டம் போட்டன.

“இங்க சுரண்டுங்க.”

சுரண்டினார். காசு அளவில் ஒரு வெல்டிங் தழும்பு! ஒரு சாண் தள்ளி இன்னொன்று. “மூணாவது இதுக்கு நேர் கீழ இருக்கணும்,” என்று டேப்பை நீட்டினார். இருந்தது. நான்காவதை, கஞ்சி போட்ட புடவையோடு மண்டியிட்டு அதிகாரியம்மாளே சுரண்டினார்.

“இழுவை வண்டியேதான்!”

கட்டர்காரன் சிலிண்டரை மூடிவிட்டு, கையிலிருந்த ஸ்பானரால் தகர டிரம்மைத் தட்டி மேளமே வாசித்துவிட்டான்.

சாயங்காலம் கிரேன் வண்டி கட்டி இழுக்க, லாரி கிடங்கை விட்டு வெளியேறியது. ஸ்டீயரிங்கில் சேசிஸ்காரர், பக்கத்தில் மனைவி. ஹார்ன் செத்து எத்தனை வருஷமோ! அவர் வாயாலேயே அடித்தார்.

“மானம் போகுது, சும்மா வாங்க,” என்றாள் அவள்.

அடுத்த திருப்பத்தில் அவர் மூச்சு வாங்கியபோது, மிச்ச ஹார்னை அவள்தான் அடித்தாள்.