குணசேகரம் சுட்ட மான்

குணசேகரம் தன் வாழ்நாளில் சுட்டது ஒரேயொரு மான். ஆனால் அது இத்தாலியின் பலேர்மோவில் முப்பது தடவையாவது செத்திருக்கும். பிறந்தநாள் விழாவில் கேக் வெட்டி முடிந்ததும் சாகும். பகேரியா பஸ் பிந்தினால் தரிப்பிடத்திலேயே சாகும். மொண்டெல்லோவில் அவர் கோப்பை கழுவும் உணவகத்தில், மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு, சமையல்காரர்களுக்கு முன்னால் கையும் காலும் ஆட்டிச் சாகும். வருடத்துக்கு வருடம் கொம்பும் பெருத்துக்கொண்டே வந்தது. செத்த பிறகு கொம்பு வளர்ந்த மான் உலகத்தில் அது ஒன்றுதான்.

கதை இதுதான். வன்னியில் தங்கேஸ்வரியைப் பெண் கேட்டுப் போனபோது அவளுடைய தகப்பன் இராஜநாயகம் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அவர் பேர்போன வேட்டைக்காரர். "மான் கொண்டு வாற கைக்குத்தான் என்ரை பெட்டையைத் தருவன்" என்றார். குணசேகரம் இரவல் துவக்கோடு காட்டுக்குள் போனார். மூன்றாம் நாள் ஒரு தொடை இறைச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கல்யாணம் நடந்தது.

இதில் இரவல் துவக்கு உண்மை, கல்யாணம் உண்மை. மான் வந்ததும் உண்மைதான். இருபதடி தூரத்தில் நின்று அவரை நேரே பார்த்தது. குணசேகரம் கண்ணை இறுக மூடிக்கொண்டு விசையை இழுத்தார். திறந்து பார்த்தபோது ஒரு பாலை மரத்தின் கொப்பு முறிந்து கிடந்தது, மான் இல்லை. இரண்டு நாள் காட்டோரத்தில் சுற்றித் திரிந்துவிட்டு, சந்தியில் ஒருவனிடம் மான் தொடை என்று கேட்டு வாங்கிக்கொண்டு நடந்தார். முப்பத்தைந்து வருடமாக இது அவருக்கும் அந்த இறைச்சிக்காரனுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. அவர் அப்படித்தான் நம்பியிருந்தார்.

வினை வந்தது தங்கேஸ்வரியின் வாயால். அவள் வேலை செய்யும் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வழக்கறிஞர். எல்லோரும் அவொக்காத்தோ என்றுதான் கூப்பிடுவார்கள். பலேர்மோவிலிருந்து இரண்டு மணித்தியாலம் ஓடினால் வரும் மலைக்காட்டில் மான்கள் பெருகி, கமக்காரர்களின் தோட்டங்களை அழிக்கின்றனவாம். குறிப்பிட்ட தொகை மான்களைச் சுட அரசாங்கம் அனுமதி கொடுக்கிறது. அவொக்காத்தோவிடம் அந்த அனுமதி இருந்தது. "என்ரை மனுசனும் வேட்டைக்காரர்" என்று தங்கேஸ்வரி பெருமையாகச் சொல்லிவைத்தாள். தடம் பார்க்கத் தெரிந்த ஒருவரைத்தான் இத்தனை நாளும் தேடினேன், ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் கூட்டிக்கொண்டு வா என்று கிழவர் துள்ளினார்.

குணசேகரத்துக்கு ஒரு கிழமை சோறு இறங்கவில்லை. கிழவர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். உணவகத்துப் பெடியள் பகிடி பண்ணினால் பண்ணட்டும். ஆனால் தங்கேஸ்வரி? அந்த ஒரு மானுக்காகத்தானே அவள் தன்னைக் கட்டினாள். அது பொய் என்று தெரிந்தால், இவ்வளவு காலம் தன்னோடு பட்ட பாடெல்லாம் ஏமாந்து பட்ட பாடு என்று நினைப்பாளே. அந்த நினைப்புத்தான் அவரைத் தின்றது.

சனிக்கிழமை பெல்லெக்ரினோ மலை ஏறி, பலேர்மோவைக் காக்கும் புனிதை சாந்தா ரொசாலியாவின் குகையில் மெழுகுதிரி கொளுத்தி, நாளைக்கு மழை பெய்ய வேண்டும் என்று நேர்ந்தார். சைவக்காரன் கேட்டாலும் அந்த அம்மா கைவிடமாட்டா என்பது பலேர்மோத் தமிழர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த முறை அவவுக்கும் பகிடிதான் பிடித்தது போலும். ஞாயிறு விடிந்தபோது வானத்தில் ஒரு பொட்டு முகில் கிடையாது.

மலையில் மார்ச் மாதக் குளிர். காட்டு வாசலில் மூவரும் வந்த ஜீப்பை நிறுத்தி, அவொக்காத்தோ துவக்கை எடுத்துத் தோளில் கொழுவினார். குணசேகரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விறுவிறென்று உள்ளே நடந்தார்.

"இஞ்சருங்கோ, நில்லுங்கோ" என்றாள் தங்கேஸ்வரி. ஒரு சின்னக் கொப்பை இலையோடு முறித்து, பாதையோரத்து மரத்தில் செருகி, கும்பிட்டாள். குணசேகரம் அதை மறந்தே போயிருந்தார். காட்டுக்குள் கால் வைக்க முன்னம் பிள்ளையாருக்குக் கொத்து முறித்து வைப்பது வன்னியில் விறகு பொறுக்கப் போகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இதென்ன என்று கிழவர் கேட்டார். காட்டுக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்கும் எங்கள் வழக்கம் என்று அவள் இத்தாலியனில் விளக்கினாள். கிழவருக்கு அது நன்றாகப் பிடித்துப்போனது.

இத்தாலியன் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. குணசேகரத்துக்குக் குசினிக்குள் கேட்கும் சொற்கள்தான் தெரியும். ஆகவே அவர் தமிழில் சொல்வார், அவள் மொழிபெயர்ப்பாள் என்று ஏற்பாடு.

ஈர மண்ணில் முதல் தடம் வந்தது. குணசேகரம் குந்தி, ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து மணந்து, கண்ணைச் சுருக்கினார். மாமனார் அப்படிச் செய்ததை ஒருமுறை பார்த்திருக்கிறார்.

"மேலை ஏறிப் போயிருக்குது. ஆம்பிளை மான். தனியத்தான் போகுது" என்றார்.

தங்கேஸ்வரி தடத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கிழவரிடம் இத்தாலியனில் நீளமாகச் சொன்னாள். அதில் 'ஜூ' என்ற சொல் வந்தது. 'அக்குவா' வந்தது. குணசேகரம் திடுக்கிட்டார். உணவகத்தின் களஞ்சிய அறை கீழே இருப்பதால் நாள் முழுக்க அவரை 'ஜூ, ஜூ' என்றுதான் விரட்டுவார்கள். ஜூ என்றால் கீழே, அக்குவா என்றால் தண்ணீர். தான் சொன்னது மேலே அல்லவா?

பாவம், தடுமாறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு பின்னால் இறங்கினார். நூறடி போனதும் புழுக்கை கிடந்தது, இன்னும் காயவில்லை. கிழவர் குணசேகரத்தின் முதுகில் தட்டி "பிராவோ!" என்றார்.

பாதை பிரிந்த இடத்தில் குணசேகரம், "வலக்கைப் பக்கம்" என்றார், வேண்டுமென்றேதான். தங்கேஸ்வரி மண்ணைப் பார்த்தாள், கடித்திருந்த புல்லைப் பார்த்தாள், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் "சினிஸ்த்ரா" என்றாள். இடப்பக்கம்.

இவள் தடுமாறவில்லை. வேட்டைக்காரன் மகள் தடம் வாசிக்கிறாள், வாசித்ததைப் புருசன் பெயரில் சொல்கிறாள். அப்படியென்றால் இவளுக்குத் தெரியும். எப்போதிருந்து தெரியும்?

யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. ஓடைக்கரையில் ஐந்து மான்கள் நின்றன. நம்மூர்ப் புள்ளிமானைப் போலவே இருந்தன, எல்லாம் பெட்டை. முன்னால் நின்றதற்கு வயிறு நன்றாகத் தள்ளியிருந்தது. அவொக்காத்தோ மெதுவாகத் துவக்கை உயர்த்தினார். அந்த மான் தலையைத் தூக்கி, கிழவரை விட்டுவிட்டுக் குணசேகரத்தை நேரே பார்த்தது. வன்னிக் காட்டில் பார்த்த அதே பார்வை. கண்ணை மூடினார். மூக்குக்குள் குளிர் ஏறியது. பலேர்மோத் துறைமுகத்துக் கப்பல் ஊதினதுபோல ஒரு தும்மல்!

கண்ணைத் திறந்தபோது ஓடைக்கரை வெறிச்சோடிக் கிடந்தது. அவொக்காத்தோ திரும்பினார். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. எந்த வேட்டைக்காரன் தும்முவான்? சரி, எல்லாம் முடிந்தது என்று குணசேகரம் தலையைக் குனிந்தார்.

தங்கேஸ்வரி முன்னே வந்து இத்தாலியனில் பேசினாள். அமைதியாக, நீளமாகப் பேசினாள். பேசப் பேசக் கிழவரின் முகச்சிவப்பு இறங்கியது. கடைசியில் அவர் தொப்பியைக் கழற்றி, குணசேகரத்தின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். பிறகு துவக்கிலிருந்து குண்டுகளைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

ஓடைக்கரையில் வைத்தே புட்டும் கோழிக்கறியும் சாப்பிட்டார்கள். அவொக்காத்தோ இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வெயிலில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு குறட்டை விட்டார்.

"தங்கேஸ், நீர் அவருக்கு என்ன சொன்னனீர்?" என்று குணசேகரம் மெல்லக் கேட்டார்.

"வயித்திலை குட்டியோடை நிக்கிற மானை எங்கடை ஆக்கள் சுடமாட்டினம். ஆனால் துவக்கோடை நிக்கிற பெரிய மனுசனுக்குச் சுடாதை எண்டு சொல்லுறது மரியாதையில்லை. அதாலை தடம் பாக்கிறவர் தும்முவார். அதுதான் எங்கடை வழக்கம் எண்டு சொன்னன்."

"அப்பிடி ஒரு வழக்கம் இருக்குதே?"

"இல்லை."

குணசேகரம் கையிலிருந்த புட்டைத் தட்டில் வைத்தார். இனியும் மறைத்தால் தான் மனுசனே இல்லை என்று பட்டது. "இஞ்சை பாரும், நான் உமக்கு ஒண்டு சொல்லோணும். அண்டைக்கு நான் கொண்டுவந்த மான் தொடை…"

"அது ஆடு" என்றாள் தங்கேஸ்வரி.

"என்ன?"

"ஆட்டுத் தொடையப்பா. சட்டியிலை போட்டவுடனை மணந்தது."

"அந்தக் கள்ளன்! மான் எண்டு தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணித் தந்தவன்!" என்று குணசேகரம் கொதித்தெழுந்தார். எழுந்த பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது. தங்கேஸ்வரி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவர் அசடு வழியத் திரும்பவும் உட்கார்ந்தார்.

"அப்ப உம்மடை ஐயாவுக்கும் தெரியுமே?"

"ஐயாவுக்குத் தெரியாமலோ? நீங்கள் படலை திறக்கேக்கையே தெரியும்."

"பிறகேன் உம்மை எனக்குத் தந்தவர்?"

தங்கேஸ்வரி சிரிப்பதை நிறுத்தினாள். "உங்களை அனுப்பிப்போட்டு ஐயா அம்மாட்டைச் சொன்னதை நான் குசினிக்குள்ளை நிண்டு கேட்டனான். 'நான் காட்டுக்குப் போன நாளெல்லாம் நீ சாப்பிடாமல் வாசலைப் பாத்துக்கொண்டு இருந்தனீ. பிள்ளைக்கும் அது வேண்டாம். இவனுக்கே குடுப்பம். இவன் பொழுதுபட முன்னம் வீட்டை வருவான்' எண்டு சொன்னவர்."

குணசேகரம் தன் தட்டிலிருந்த கோழிக்காலை எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

"சண்டைக்குள்ளை செல்லடிக்கேக்கையும் வந்தனீங்கள். முகாமிலை தண்ணிக்கு நாள் முழுக்க வரிசையிலை நிண்டுபோட்டும் வந்தனீங்கள்" என்றாள் தங்கேஸ்வரி. "இந்த முப்பத்தைஞ்சு வருசத்திலை நான் ஒரு நாளும் வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கேல்லையப்பா."