கொளஞ்சியின் இரண்டு வாளிகள்

எழுபத்து நாலில் விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றின் ஆபீசில், கண்ணாடித் தொட்டிக்குள் ஏழு மீன்கள் இருந்தன. நடுவே, வாயால் காற்றுக் குமிழி விடும் பிளாஸ்டிக் ஆள் ஒருவன். பாசி ஏறி அவன் எவ்வளவு பச்சையாகிவிட்டான் என்றால், திட்டக்குடியிலிருந்து சரக்கெடுக்க வந்த ஒருவர் பச்சையம்மன் என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். விபூதி கேட்டதாகச் சொல்வார்கள். அது பொய், குங்குமம்தான் கேட்டார்.

மறுநாள் மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வருவதாகத் தந்தி வந்தது. மேனேஜர் கோதண்டபாணி, ஆபீஸ் பெருக்கும் பெண் கொளஞ்சியைக் கூப்பிட்டார். முப்பது வருடம் பீங்கானோடு பழகியவர் மேனேஜர். கறை என்றால் ஆசிட், அதற்கும் மசியாவிட்டால் சூளை. மூன்றாவது வழி ஒன்று உண்டென்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

"இந்த பிளாஸ்டிக்கு சாமானெல்லாம் வாளியில போடு. ஆசிட்டு ஒரு சீசா, பிளீச்சிங் பவுடரு ஒரு கை. சேந்தா ரெண்டு மடங்கு வெளுக்கும்."

"சேக்க மாட்டேங்க."

"என்னது?"

"அதுங்க ரெண்டும் பங்காளிங்க. ஒரே வூட்ல வச்சா புகைஞ்சி ஆளக் கொன்னுடும். ஆஸ்பத்திரி கழுவுனப்ப பாத்திருக்கேன். சூளையும் வேணாங்க, உருகிப் போயிடும்."

"அப்ப நாளையிலேர்ந்து வேலைக்கு வராத."

வேலை போனால் கொளஞ்சி வீட்டில் உலை ஏறாது. இருந்தும் ஆசிட் சீசாவைக் கொண்டுபோய் வடக்கு கேட்டில் வைத்தாள். முற்றத்துக்கு வந்து, ஒரு வாளித் தண்ணீரில் பவுடரை ஒரு ஸ்பூன் மட்டும் கரைத்து, தெளிந்த நீரில் பிளாஸ்டிக் ஆளையும் அவனுக்குக் காற்று போகும் ரப்பர் குழாயையும் கால் மணி ஊறவைத்தாள். பிறகு இரண்டாவது வாளியில் நல்ல தண்ணீர் மாற்றி மாற்றி அலசி, வெயிலில் காயவைத்து, மோந்து பார்த்தாள். பவுடர் வாடை இருந்தது, மீனுக்கு ஆகாது. மறுபடி அலசினாள்.

கோதண்டபாணிக்குப் பொறுக்கவில்லை. கேட்டுக்குப் போய்ச் சீசாவை எடுத்து வந்து, முற்றத்து ஓரத்தில் ஒரு பீங்கான் கப்பில் பவுடரைப் போட்டு அதன்மேல் ஆசிட்டை ஊற்றினார். "பாரு, ஒண்ணும்..." என்றார். மீதியைப் புகை முடித்துவைத்தது. அவர் ஓடிய ஓட்டத்தில் பெண்ணாடம் பஸ்ஸே பின்தங்கியது. கண்டக்டர் சாட்சி.

கொளஞ்சி யாரையும் முற்றத்துப் பக்கம் விடவில்லை. காற்று புகையைக் கலைத்த பிறகு, திரும்பி வந்து கேட்டருகே இருமிக்கொண்டு கிடந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"நாளைக்கு வரவா, வேணாமா?"

அவர் தலையாட்டினார்.

"தலையாட்டுனா எனக்கு வெளங்காதுங்க. வாயால சொல்லுங்க."

குரல் திரும்ப ஒரு மணி நேரம் பிடித்தது. அதுவரை இடுப்பில் கை வைத்தபடி அங்கேயே நின்றாள்.

"வா," என்றார்.

"காதுல விழலங்க."

கோதண்டபாணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வாங்க," என்றார்.