குழாயில் நின்ற காற்று

காது வலியோடு இறங்க வேண்டாம் என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியும், கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டக் கணவன் கடலில் இறங்கிவிட்டான். திரும்பி வந்தவன், காற்று சிலிண்டரை அவளுடைய பட்டறை மேசைமேல் வைத்தான். மூச்சுக்குக் காற்று தரும் ரெகுலேட்டரை அதோடு பிணைக்கும் திருகு இறுகிக் கிடந்தது.

முக்குளிப்பவர்களின் கருவிகளைப் பழுது பார்ப்பதுதான் அவள் தொழில். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினாள். திருகு இம்மியும் அசையவில்லை. ஸ்பேனரை எடுத்தாள்.

“குழாய்ல காத்து நிக்குது,” என்றான் அவன் மெதுவாக.

வால்வை மூடினால் மட்டும் போதாது, குழாயில் மிச்சமுள்ள காற்றையும் வெளியேற்றினால்தான் திருகு இளகும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவளே அவள்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு ரெகுலேட்டரின் பொத்தானை அழுத்தினாள். புஸ்ஸென்று காற்று போனது. திருகு இரண்டு விரலுக்கே கழன்று வந்தது.

“உனக்குள்ளயும் ஏதோ நிக்குது. அதையும் விட்டுடு.”

ஸ்பேனரைக் கீழே வைத்தாள். “நீங்க மேல வர்ற வரைக்கும் நான் மூச்சே விடலை,” என்றாள்.

அவன் கிட்டே வந்து, வலிக்காத காதை அவள் பக்கம் திருப்பினான்.

“இந்தக் காதுல சொல்லு.”