கொக்கு மீனைப் பிடித்ததா

என் படத்தில் ஒரு கொக்கு நிற்கும். இருபத்திரண்டு நிமிடம் நிற்கும். வேறு எதுவும் நடக்காது.

இதைச் சொல்லும்போதெல்லாம் என் குரலில் ஒரு பெருமை ஏறிக்கொள்ளும் என்று என் மனைவி தீபா சொல்வாள். இருக்கலாம். அந்த நாட்களில் நான் நிறையப் படித்தேன், குறைவாகப் பேசினேன். யாராவது கேள்வி கேட்டால் ஜன்னலைப் பார்ப்பேன். பதில் தெரியாததால்தான் பார்க்கிறேன் என்பது தீபா ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

2005 ஆடியில் பெருங்களத்தூரில் ஒரு சிறுசுருள் திரைவிழா நடந்தது. எட்டு மில்லிமீட்டர் பிலிம், பதினாறு மில்லிமீட்டர் பிலிம், சின்ன டிஜிட்டல் கேசட் என்று எந்தத் தியேட்டரும் சீந்தாத எல்லாவற்றுக்கும் அங்கே இடம் உண்டு. ஏற்பாடு செய்தவர் ஹேமநாத். தாம்பரத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துபவர். விழாவை ஆடியில் வைத்ததற்குக் கலை சார்ந்த காரணம் ஏதும் இல்லை. ஆடியில் யாரும் கல்யாணம் பண்ண மாட்டார்கள். கல்யாண மண்டபம் சும்மா கிடக்கும்.

தீபா ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். அவளுடைய அண்ணன் துரை, மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் எனக்காகச் சொல்லிவைத்திருந்தார். ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை. திங்கட்கிழமை போய் நின்றால் போதும்.

"சொந்தக்காரங்க வேண்டாம், சிநேகிதங்க வேண்டாம். வெளியாள் ஒரே ஒருத்தர், எழுந்து போகாம, தூங்காம, உங்க படத்தைக் கடைசி வரைக்கும் பாக்கட்டும். அப்புறம் நான் வேலையைப் பத்தி வாயே திறக்க மாட்டேன். இல்லேன்னா திங்கக்கிழமை கிளம்பிடணும். சரியாங்க?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அந்தப் பக்கம் பதில் இல்லை. இங்க பாருங்க."

"சரி" என்றேன்.

படத்தைத் தொகுத்தது குப்புராஜின் ஸ்டூடியோவில். பள்ளியில் என்னோடு படித்தவன். அவன் அப்பா நிலத்தை மனை போட்டு விற்றதில் ஒரு கடை மிஞ்சியது. அதில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். கேமராவும் அவனுடையது, கேசட்டுகளும் அவனுடையவை. ஒரு விசேஷத்துக்கு சீடி போட்டுக் கொடுத்ததும் அதே கேசட்டில் அடுத்த விசேஷத்தைப் பதிவான்.

"இன்னா மச்சான், நின்னுகினே கீது? பின்னால ஒரு வீணையாச்சும் போடவா?"

"வேண்டாம்."

"ஓரத்துல ரெண்டு ரோஜாப்பூ சுத்தற மாதிரி?"

"குப்பு, இது மௌனத்தைப் பற்றிய படம்."

அவன் மரியாதையாக வாயை மூடிக்கொண்டான். ஆனால் கடைசிக் கேசட்டில் கொக்கு சட்டென்று கழுத்தை வீசி ஒரு மீனைக் கவ்வியபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். "புட்ச்சுடுச்சு மச்சான்! சூப்பர்!"

"அதை வெட்டு" என்றேன்.

"வெட்டறதா?"

"அது சம்பவம். என் படத்தில் சம்பவம் கிடையாது."

வெட்டினான். விழாவுக்கான பிரதியை ஒரு கேசட்டில் ஏற்றித் தரச் சொன்னேன். கொக்குக்குப் பிறகு இரண்டு நிமிடம் வெறும் இருட்டு வர வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஹேமநாத்திடமும் போய், படம் முடிந்ததும் பிளேயரை நிறுத்தக் கூடாது, விளக்கைப் போடக் கூடாது, பார்வையாளர் அந்த இருட்டில் தன்னோடு தனியாக இருக்க வேண்டும் என்று விளக்கினேன்.

"ரொம்ப இன்டென்ஸ் சார்" என்றார் அவர்.

விழா ஞாயிற்றுக்கிழமை மதியம். மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு வெல்வெட் சிம்மாசனங்களை ஓரமாகத் தள்ளி, நடுவில் வெள்ளைத் திரை கட்டியிருந்தார்கள். ஒரு சிம்மாசனத்தில் தலைமை விருந்தினர் ஞானையா அமர்ந்திருந்தார். சிறுபத்திரிகைகளில் உலக சினிமா பற்றி எழுதுபவர். மற்றது காலியாக இருந்ததால், அவர் பெண்ணுக்காகக் காத்திருக்கும் மாப்பிள்ளை போலவே தெரிந்தார்.

முதலில் எட்டு மில்லிமீட்டர் படங்கள். புரொஜெக்டர் தையல் மிஷின் மாதிரி ஓடியது. மக்கள் படத்தைவிட மிஷினை ஆர்வமாகப் பார்த்தார்கள். பிறகு என் கேசட்.

ஆடி ஞாயிறு என்பதன் முழு அர்த்தத்தை நானோ ஹேமநாத்தோ யோசித்திருக்கவில்லை. மண்டபத்துக்கு எதிரே அம்மன் கோயில். என் கொக்கு திரையில் வந்து நின்ற நேரம் பார்த்துக் கூழ் ஊற்ற ஆரம்பித்தார்கள். குழாய் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு மண்டபத்தையே தூக்கியது. என் மௌனத்துக்குக் கடைசியில் பின்னணி இசை கிடைத்துவிட்டது. குப்புராஜ் என்னைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்திக் காட்டினான்.

கருவாட்டுக் குழம்பின் வாசனை உள்ளே வந்தது. நாற்காலிகள் கிறீச்சிடத் தொடங்கின. நான் முன்வரிசையில் திரும்பாமல் உட்கார்ந்து, ஒவ்வொரு கிறீச்சையும் முதுகால் கேட்டுக்கொண்டிருந்தேன். தீபா பின்வரிசையில் இருந்தாள். அவளுக்குத் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. ஞானையாவின் தலை வெல்வெட்டில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவரைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கொக்கு மறைந்தது. இருட்டு வந்தது. இதற்காகத்தானே எல்லாம்.

அடுத்த நொடி திரையில் பம்பை மேளம் வெடித்தது. மஞ்சள் சட்டை போட்ட ஒருவர், உதட்டில் பத்து ரூபாய் நோட்டைக் கவ்வியபடி, கேமராவை முட்டுகிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தார். பின்னால் கடல். மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை வீறிட்டது.

குப்புராஜ் என் காதருகே வந்து குனிந்தான். "மச்சான், அந்த இருட்டு... யாரு இருட்டைப் போய்ப் பாக்கப் போறாங்கன்னு நானு ரெக்கார்டிங்க நிறுத்திட்டேன். அது பழைய கேசட்டு. கோவளம் காதுகுத்து."

பிளேயரை நிறுத்தக் கூடாது என்று நானே சொல்லியிருந்ததால் ஹேமநாத் நிறுத்தவில்லை.

ஞானையா விழித்துக்கொண்டார். சில கணம் திரையைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று கைதட்டினார். "அபாரம்! அந்த மௌனத்தைக் கிழிச்சுக்கிட்டு வாழ்க்கை எப்படிப் பொங்கி வருது பாருங்க! இந்த ஒரு கட் போதுங்க!"

நான் எழுந்தேன். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன் என்று நம்ப விரும்புகிறேன். ஒன்றும் வரவில்லை. பழக்கதோஷத்தில் ஜன்னலைப் பார்த்தேன். "பாருங்க, பேச மாட்டேங்கறார்" என்றார் ஞானையா நெகிழ்ந்துபோய்.

"ஐய, இது எங்க வூட்டு காதுகுத்துய்யா!"

மின்விசிறிக்கு நேர் கீழே இருந்து ஒரு பெண் எழுந்தாள். அந்தத் தெருவில் மீன் விற்கும் பாப்பா. கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து கூடையோடு வருபவள். விற்று முடித்துவிட்டு, பஸ் வரும்வரை மண்டபத்தில் ஒதுங்கியிருக்கிறாள்.

"அது என் தம்பி துலுக்காணம்! டேய் குப்பு, எங்கடா ஓடற? நீ குட்த்த சீடில இந்த ஆட்டமே இல்லியேடா!"

குப்புராஜ் தூணோடு ஒட்டிக்கொண்டான். "அக்கா, அது கேமராவ மறைச்சிகினு ஆடிச்சுக்கா. அதான் வெட்டிட்டேன்."

"தாய்மாமன வெட்டிட்டு யாரு மடியிலடா காது குத்துன? உன் மடியிலயா? மொதல்லேர்ந்து போடு. நானு பாக்கணும்."

கொக்கு முடிந்த இடத்துக்குக் கேசட்டைச் சுற்றிப் போட்டார்கள். பம்பைச் சத்தம் கேட்டு, கூழ்ச் சொம்போடு வெளியே நின்றவர்கள் உள்ளே வந்தார்கள். நாற்காலி போதவில்லை. காலியாக இருந்த சிம்மாசனத்தில் இரண்டு பெண்கள் நெருக்கி உட்கார்ந்தார்கள். குழந்தைக்குக் காது குத்தியபோது மண்டபமே "அச்சச்சோ" என்றது. துலுக்காணம் மறுபடி ஆடியபோது விசில் பறந்தது. சிறுசுருள் விழாவில் மண்டபம் நிறைந்தது அந்த ஒரு முறைதான். நானும் பார்த்தேன். நன்றாகத்தான் ஆடினார்.

முடிந்ததும் பாப்பா என்னிடம் வந்தாள். தீபாவும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"கொக்கு படம் எட்த்தது நீயா?"

"ஆமாம்மா."

"குந்திகினு பாத்துகினே கீறேன். கூழுக்குக் கூடப் போவல. தண்ணி கலங்குது, அது கழுத்த இழுக்குது, இப்போ புடிக்கும், அப்போ புடிக்கும்னு பாக்கறேன், நீ பாட்டுக்கு இருட்டாக்கிட்ட. புட்ச்சுதா, இல்லியா?"

"பிடிச்சுதும்மா."

"பெருசா?"

"பெரிசுதான்."

"அத்தக் காட்டாம வேற இன்னாத்தக் காட்டினுகிற?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். "அங்க இன்னா கீது?" என்று அவளும் எட்டிப் பார்த்தாள். பிறகு பஸ் போய்விடும் என்று கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தோம். ஊரப்பாக்கம் பஸ்ஸில் இடம் கிடைத்த பிறகுதான் தீபா ஆரம்பித்தாள்.

"வெளியாள்தானே?"

"ம்."

"தூங்கலை. எழுந்தும் போகலை. நான் பாத்துட்டேதான் இருந்தேன்."

"மின்விசிறிக்காக உட்கார்ந்திருக்கலாம்."

"மின்விசிறியா மீன் பிடிச்சுதான்னு கேட்டுது? நீங்க ஜெயிச்சிட்டீங்க. அண்ணனுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

தோற்பதற்கு நான் எல்லா ஏற்பாடும் செய்து வைத்திருந்தேன். திங்கட்கிழமைக்கான சட்டையைக்கூட இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கிவிட்டேன். உலகம் புரிந்துகொள்ளாத கலைஞன், ஸ்டோர்ஸில் போல்ட்டுகளுக்கு நடுவே யாரோடும் பேசாமல் இருப்பான். அந்தக் காட்சியை ஆசையாக ஒத்திகை பார்த்திருந்தேன். இப்போது ஒரு மீன்காரம்மா அதைக் கெடுத்துவிட்டாள்.

வீட்டுக்குப் போனதும் குப்புராஜுக்குப் போன் செய்தேன். "கொக்கு மீனைப் பிடிச்ச கேசட் எங்கே?"

மறுமுனையில் ஒரு நல்ல மௌனம்.

"அதுல இப்போ ஒரு சீமந்தம் கீது மச்சான்."

திங்கட்கிழமை காலை அந்த இஸ்திரிச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டேன். வேறு சட்டை துவைத்திருக்கவில்லை. குப்புராஜின் கேமராவோடு, படம் எடுத்த அதே ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தேன். கொக்கு வந்தது. அதே இடத்தில் நின்றது. தண்ணீர் கலங்கியது, கழுத்தை இழுத்தது, விட்டுவிட்டது. வெயில் ஏறியது.

தீபா டிபன் டப்பாவோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பிடிச்சுதா?"

"இன்னும் இல்லை."

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மிகவும் சலிப்பாக இருந்தது.