மூன்றாவது அழைப்பு

பூங்கோதை செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோது ராஜ்குமார் சாமை மூட்டையின் வாயைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தான். அவளுக்குப் பின்னால் அவளுடைய மாமியார் ஜெயம்மாள் வந்தாள். இருவரும் சேர்ந்து விவசாயிகள் சங்கத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கடைசியாக வந்தது, இறந்துபோன சக்திவேலின் மழைக்கோட்டையும் டிபன் டப்பாவையும் எடுத்துப்போக. அன்று பூங்கோதை அழவில்லை. புருஷன் உட்கார்ந்திருந்த மேசையின் இழுப்பறையை முந்தானையால் துடைத்து மூடிவிட்டுப் போனாள். இப்போது அதே மேசைக்கு முன்னால் நின்று பையிலிருந்து போனை எடுத்தாள். அவள் வாய் திறக்கும் முன்பே ராஜ்குமாருக்குத் தெரிந்துவிட்டது. ஊசி கட்டைவிரலில் ஏறியது. விரலை வாயில் வைத்துக்கொண்டான். பேசாமல் இருக்க அது ஒரு காரணமாயிற்று.

"இன்னாடா வாயில வெரலு? பச்சப் புள்ளயா நீ?" என்றபடி ஜெயம்மாள் மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தாள்.

பூங்கோதை போனை அவன் பக்கம் திருப்பினாள். சின்ன வட்டத்துக்குள் சக்திவேலின் முகம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிய சிரிப்பு. 'சக்திவேல் உங்களைத் தன் நட்பு வட்டத்தில் சேர்க்க விரும்புகிறார்.' கீழே பச்சை நிறத்தில் ஒரு பொத்தான்.

"மெயில்ல வந்துதுண்ணா. மொத தடவ வந்தப்ப யார்கிட்டயும் சொல்லல. அடுத்த வெள்ளிக்கெழம மறுபடி வந்துது." அவள் விரலால் தள்ளிக் காட்டினாள். 'சக்திவேல் இன்னும் உங்களுக்காகக் காத்திருக்கிறார்.'

மலைச்சரிவின் திருப்பம் ஒன்றில், பனிமூட்டத்தில், பைக்கோடு விழுந்து செத்தவன் சக்திவேல். அதுவரை சங்கத்தின் செயலாளர் அவன்தான். சாமையும் புளியும் தேனும் வாங்குகிற கடைக்காரர்கள், வேளாண் அலுவலகம், வங்கி என்று எல்லோரும் அவனுடைய சொந்த மின்னஞ்சலுக்குத்தான் எழுதுவார்கள். சங்கத்துக்கென்று தனியாக ஒன்று வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஜமுனாமரத்தூரில் சங்கம் என்றால் சக்திவேல்தான். அவன் போனபிறகு அந்த இடத்துக்கு ராஜ்குமார் வந்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பூங்கோதைதான் கடவுச்சொல்லைச் சொன்னாள். "உங்ககிட்டயே இருக்கட்டும்ணா. அவரு வேல நின்னுடக் கூடாது." அந்தக் கடவுச்சொல் அவளுடைய பெயர்தான். ஒவ்வொரு நாள் காலையிலும் நண்பனுடைய மனைவியின் பெயரை எழுதித்தான் அவன் வேலையைத் தொடங்கினான்.

"அன்னிக்கு எம்புள்ளகிட்ட கேட்டுட்டுத்தானேடா கல்யாணப் பேச்சயே எடுத்தேன்?" என்றாள் ஜெயம்மாள். "பொதச்ச எடத்துல சூடம் கொளுத்தி, பூப்போட்டுக் கேட்டேன். வெள்ளப்பூ குட்த்தான். சரிம்மா, அவளக் கட்டிக்குடுன்னு சொன்ன மாரிதானே அது? குட்த்துட்டு இப்ப வந்து காத்துகினு கீறேன்னா இன்னா அர்த்தம்?"

ஆவணியில் பூங்கோதைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வெற்றிச்செல்வன், இதே மலையில் பிறந்து கீழே சந்தவாசலில் லோடு வண்டி ஓட்டுகிறவன். பூங்கோதை அங்கே மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். பேசி முடித்தவள் ஜெயம்மாளேதான். மகன் போனபிறகு மருமகளை மகளாக்கிக்கொண்டவள். முன்னின்று செய்ய ஒரு அண்ணன் வேண்டும் என்று ராஜ்குமாரைத்தான் கேட்டிருந்தாள். அவனும் ஒப்புக்கொண்டிருந்தான்.

"பெரிம்மா, அது கம்பெனிக்காரன் மெஷினு. தானா அனுப்பும். இருக்கறவங்க, இல்லாதவங்கன்னு அதுக்கு இன்னா தெரியும்?"

சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவனைக் கூசவைத்தது.

"மெஷினுக்கு எம்புள்ள பேரு எப்டிடா தெரியும்? எவனாச்சும் கதவத் தொறந்துவுட்டாத்தானே நாய் உள்ள வரும்?"

"அவரு மெயில் உங்ககிட்டத்தானேண்ணா கீது," என்றாள் பூங்கோதை. "அதான் உங்ககிட்ட வந்தோம். யாரு உள்ள வந்தாங்கன்னு பாத்தா தெரியுமாமே."

அவள் குரலில் இருந்தது நம்பிக்கையா கேள்வியா என்று அவனால் பிரிக்க முடியவில்லை. "பாக்கறேன்மா," என்றான்.

நடந்தது இவ்வளவுதான். முப்பத்தைந்து வயதாகியும் ராஜ்குமாருக்குப் பெண் அமையவில்லை. அமையாததைப் பற்றி அவன் யாரிடமும் பேசியதும் இல்லை. கிளை நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துவருவான். மத்தியானங்களில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து படிப்பான். ஒரு மழை நாளில், யாரும் வராத பொழுதில், கணினியில் ஒரு விளம்பரம் வந்தது. உங்கள் ஊருக்கு அருகில் பேசுவதற்கு ஆள் தேடும் பெண்கள். வெறுமனே பார்க்கலாம் என்று நினைத்தான். உள்ளே போக மின்னஞ்சல் கேட்டது. அவனுக்கும் ஒன்று உண்டு. ஆனால் திறந்து கிடந்தது சக்திவேலுடையது. திறந்திருந்ததால்தான் கொடுத்தேன் என்று பிறகு பல நாட்கள் தனக்குச் சொல்லிக்கொண்டான். அது அப்படி இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும். ஏதாவது தவறாகப் போனால் தன் பெயர் வெளியே வராது என்று அந்த ஒரு நொடியில் அவன் நினைத்தான். செத்தவனுக்கு மானம் போகாது என்று நினைத்தான். 'உங்கள் தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கிறீர்களா' என்று தளம் கேட்டதற்குப் படிக்காமலே ஆம் என்றான். நாலைந்து முகங்களைப் பார்த்தான். எல்லாம் எங்கிருந்தோ எடுத்த படங்கள் போல இருந்தன. வெட்கமாகி மூடிவிட்டான். மறந்தும் போனான்.

அவன் மூடிய பிறகுதான் தளம் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. சக்திவேலின் மின்னஞ்சலில் இருந்த ஒவ்வொருவருக்கும், அதில் இருந்த சக்திவேலின் படத்தோடு அழைப்பு போயிற்று. கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், 'இறந்த பிள்ளையின் பெயரில் விளையாடுவது யார்? உனக்கு வெட்கமில்லையா?' என்று பதில் எழுதியிருந்தார். அதைப் படித்தபோதுதான் ராஜ்குமாருக்கு விஷயமே தெரிந்தது. சென்னைக் கடைக்காரர் ஒருவர் அழைப்பை ஏற்றுக்கொண்டு, 'ரொம்ப நாளாச்சு தம்பி, சவுக்கியமா?' என்று கேட்டிருந்தார். முதல் கடிதத்தைவிட இரண்டாவதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அவசரமாகத் தளத்துக்குள் போய்த் தேடி, 'நினைவூட்டல்களை நிறுத்து' என்ற இடத்தை அழுத்தினான். அது போன சனிக்கிழமை. இனி ஒன்றும் போகாது, கொஞ்ச நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தான்.

ஜெயம்மாள் மூட்டையிலிருந்து எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழக்கமான ஏசும் குரல் இல்லாமல் மெல்லப் பேசினாள்.

"காட்டுல தேனெடுக்கப் போறப்ப பேரு சொல்லிக் கூப்புட்டா ஒடனே ஏன்னு கேக்க மாட்டோம், உனக்குத் தெரியுமில்ல? செத்தவங்க ரெண்டு தடவைக்கு மேல கூப்புட மாட்டாங்க. மூணாவது கூப்புட்டா அது உசிருள்ள ஆளு. இவளுக்கு ரெண்டு வந்துடுச்சு. இன்னிக்கு வெள்ளிக்கெழம. மூணாவது வந்துச்சுன்னா எவனோ உசிருள்ள நாய் பண்ற வேல. செருப்பால அடிச்சுட்டுக் கல்யாணத்தப் பாப்போம். வரலன்னா..."

"அத்தே, வேணாம்," என்றாள் பூங்கோதை.

"வரலன்னா அவன்தான். அவனுக்கு இஷ்டமில்ல. சந்தவாசல்ல எறங்குனதும் வெற்றிகிட்ட சொல்லிடுவேன், வேற பொண்ணப் பாத்துக்கோப்பான்னு. செத்தும் காத்துகினு கீறவன வுட்டுட்டு இவள நான் எப்டி அனுப்புவேன், சொல்லு."

பூங்கோதை வாசலுக்குப் போனாள். செருப்பைப் போட்டுக்கொண்டே, குனிந்தபடி, "ரெண்டு வருசம் கழிச்சு இப்பத்தான் ராத்திரில தூக்கம் வருது," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. கீழே போகும் பஸ்ஸுக்கு நேரமிருந்தது. ஏதாவது சாப்பிட்டுவிட்டு நிறுத்தத்தில் இருப்பதாகச் சொல்லி இருவரும் இறங்கிப் போனார்கள்.

ராஜ்குமார் பாதி தைத்த மூட்டையின் முன் நின்றான். ஓட்டின்மேல் ஒரு குரங்கு நடந்துபோகும் சத்தம் கேட்டது. இன்றைக்கு மூன்றாவது அழைப்பு வராது. வராதபடி செய்தவன் அவன்தான். வராவிட்டால் பழி சக்திவேல்மேல் விழும். உயிரோடு இருந்தபோது பிறத்தியாருக்கு ஒரு சொல் கெடுதல் செய்யாதவன், செத்தபிறகு பெண்டாட்டியின் வாழ்க்கையை மறித்தவன் ஆவான். ஓடிப்போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான். நிறுத்தம் இருநூறடி தூரம்கூட இருக்காது. 'நான்தான் பெரிம்மா' என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். அடுத்த கேள்வி, எதுக்குடா போனே அங்க, என்று வரும். அதற்கான பதிலை ஜெயம்மாளின் முகத்தைப் பார்த்து, பூங்கோதையை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கும் ஜனங்களின் நடுவில் சொல்வதைக் கற்பனை செய்தான். மறுபடி மேசைக்கு வந்து உட்கார்ந்தான்.

பிறகு, இன்னொரு வழி இருப்பது தெரிந்தது. அது தெரிந்தபோது ஏற்பட்ட ஆறுதலை அவன் பின்னாளில் நினைக்க விரும்பமாட்டான்.

கணினியைத் திறந்தான். கடவுச்சொல் கேட்டது. பூங்கோதை என்று எழுதினான். தளத்துக்குள் பெயர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'மீண்டும் அழை' என்றிருந்தது. அவளுடைய பெயர் வரும்வரை கீழே இறங்கினான். மூன்றாவது கூப்பிட்டால் அது உயிருள்ள ஆள். முதல் இரண்டும் தெரியாமல் நடந்தவை, இயந்திரம் செய்தவை என்று சொல்லிக்கொள்ளலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது. சுட்டியைப் பிடித்திருந்த கட்டைவிரலில் ஊசி குத்திய இடம் மெல்லத் துடித்தது. அழுத்தினான்.

அதோடு அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். உட்கார முடியவில்லை. கதவைக்கூடச் சாத்தாமல் நிறுத்தத்தை நோக்கி நடந்தான்.

பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. பூங்கோதை சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஜெயம்மாள் படியில் நின்று, கண்டக்டர் ஏறச் சொல்வதைக் காதில் வாங்காமல், தூரத்திலேயே அவனைப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"டேய் ராஜ்குமாரு! வந்துடுச்சுடா! மூணாவது வந்துடுச்சு!"

அவள் சிரித்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. இறங்கி அவனிடம் வந்தாள். "எம்புள்ள இல்லடா. எவனோ உசிருள்ள நாயிதான். நான்தான் பாவி, அவனப் போய் சந்தேகப்பட்டேன். எவன் அமுக்குனானோ அவன் கை வெளங்காமப் போவ. கட்டயில போறவன், அவன் வூட்ல வெளக்கெரியாமப் போவ." காகிதப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு போண்டாவைப் பிய்த்தாள். "இந்தா, துன்னு. மத்தியானம் ஒண்ணும் துன்னுருக்க மாட்ட நீ, மூஞ்சப் பாரு." அவனுடைய வலது கையை இழுத்து, விரித்து, பாதிப் போண்டாவை அதில் வைத்து மூடினாள். இன்னும் சூடாக இருந்தது. "ஆவணி மாசம் பொண்ண நீதான் கூட்டிகினு போவணும், தெரிஞ்சுதா? அண்ணங்காரன் நீதான்."

"பெரிம்மா," என்றான்.

"யம்மா ஏறும்மா, டைம் ஆயிடுச்சு, குடும்பக் கத எல்லாம் அப்பறம்!" என்று கண்டக்டர் பஸ்ஸைத் தட்டினான்.

"ஏறுறேன்டா, உன் பஸ் இன்னா பிளேனா, அதுக்குள்ள பறக்கற?" ஜெயம்மாள் படியேறி உள்ளே போனாள்.

பூங்கோதை சிரிக்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சன்னல் கம்பிகளுக்கு இடையே கையை நீட்டி அதை அவனிடம் கொடுத்தாள்.

"மூணாவதுல போட்டோ பெருசா வந்துருக்குண்ணா. முழுசா."

வாங்கிப் பார்த்தான். முந்தைய இரண்டிலும் வட்டத்துக்குள் முகம் மட்டும்தான் இருந்தது. இதில் சக்திவேல் முழுதாக நின்றிருந்தான். பீமன் அருவிக்குப் போகும் பாறை, மடித்துக்கட்டிய வேட்டி, ஈரமான கால்கள். காலடியில் பாறைமேல் ஒரு நிழல் நீண்டு கிடந்தது. படம் எடுத்தவனுடைய நிழல். தோளைக் கொஞ்சம் சாய்த்து, இரண்டு கைகளையும் முகத்துக்கு நேராகத் தூக்கி. அந்தச் சாய்ந்த தோள் ராஜ்குமாருடையது என்று இந்த ஊரில் யாரும் அடையாளம் சொல்லிவிடுவார்கள்.

"அன்னிக்கு நீங்க ரெண்டு பேருதானே போயிருந்தீங்க," என்றாள் பூங்கோதை. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது. "மூணாவது தடவ கூப்புட்டா ஏன்னு கேக்கணுமாம். அத்தே சொல்லும்."

பிறகு மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஏன்ணா?"

உள்ளே ஜெயம்மாள் யாரிடமோ மூன்றாவது அழைப்பின் கதையைச் சொல்லத் தொடங்கியிருந்தாள். விசில் ஒலித்தது. பஸ் நகர்ந்தது. போனுக்காகவோ பதிலுக்காகவோ பூங்கோதையின் கை சன்னலுக்கு வெளியே, உள்ளங்கை மேலாக, நீண்டபடியே இருந்தது. ஒரு கையில் போனும் மறு கையில் பாதிப் போண்டாவுமாக ராஜ்குமார் பஸ்ஸோடு சேர்ந்து நடக்கத் தொடங்கினான்.