நூற்றுக்கு நூறு நடை

டிரில் மாஸ்டரின் இடது செருப்பு நடக்கும்போதே கழன்றுகொள்ள ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. கழன்றது அவருக்குத் தெரியாது. ஒற்றைச் செருப்போடு கூடத்தைக் கடந்து போவார். இடது கையும் ஆடுவதில்லை. யாரோ சட்டையோடு சேர்த்துத் தைத்துவிட்ட மாதிரி உடம்பில் ஒட்டிக்கிடந்தது. சமையலறை வாசல் வந்தால் பாதம் இரண்டும் பசை போட்டதுபோல் நின்றுவிடும்.

"என்னங்க, ஏன் நின்னுட்டீங்க?"

"யோசிக்கிறேன்."

ஆயுளில் யோசித்தே பழக்கமில்லாத மனிதர் என்பதால் மனைவி அந்தப் பதிலை நம்பவில்லை. அவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. படுக்கையில் விழுந்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, "முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?" என்று டாக்டர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியை இன்னொரு முறை காதில் வாங்க அவளுக்குத் தெம்பில்லை. நடையைப் பார்த்தே வியாதி சொல்லும் டாக்டரிடம் போகலாம் என்றாள்.

"பள்ளிக்கூடம் பூரா நடக்க வச்சவன்டி நான்! என் நடையைப் பார்க்க ஒரு டாக்டரா?" என்று குதித்தார். மகள் போனில் அழுததும் இறங்கி வந்தார். ஆனால் பரீட்சை என்றால் தயாராகாமல் போகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. தினமும் காலையில் மொட்டைமாடியில் பயிற்சி நடந்தது. மனசுக்குள் லெஃப்ட், ரைட் என்று எண்ணிக்கொண்டே போனால் கால் சொன்னபடி கேட்கிறது என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததை யாரிடமும் சொல்லவில்லை.

நடை நிபுணர் பெரிய ஆள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் நீளத்துக்குக் கறுப்பு விரிப்பு, நாலு மூலையிலும் கேமரா, பின்னால் தலையாட்ட இளம் டாக்டர்கள். "நாக்கு பொய் சொல்லும், கால் சொல்லாது. என் முன்னால நடந்தா போதும், உங்க சரித்திரத்தையே சொல்லிடுவேன்" என்றார். டி.வி.யிலும் இதையேதான் சொல்வார்.

டிரில் மாஸ்டர் நடந்தார். முதுகு விறைப்பு, கை வீச்சு, திரும்பும் இடத்தில் குதிகால் சத்தம். எல்லோரும் காலைப் பார்த்தார்கள். மனைவி மட்டும் உதட்டைப் பார்த்தாள். அது துளித் துளியாக அசைந்துகொண்டிருந்தது.

"அற்புதம்! குறிச்சுக்கோங்க, ஆரோக்கியமான நடைன்னா இதுதான்!" என்றார் நிபுணர்.

"டாக்டர், வீட்ல இவர் இப்படி நடக்கிறதில்ல. வாய்க்குள்ள எண்ணிக்கிட்டு நடக்கிறார். அவங்க அண்ணனுக்கும்…"

"அம்மா, பாசம் கண்ணை மறைக்கும். கேமராவை மறைக்காது." இளம் டாக்டர்கள் சிரிக்க வேண்டிய நேரம் அறிந்து சிரித்தார்கள்.

வெளிக்கதவை நெருங்கியபோது டிரில் மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தியாடி? அற்புதம்னார்! உனக்குத்தான்…" பேச்சில் எண்ணிக்கை தவறியது. கதவின் விளிம்பில் கால் நின்றுவிட்டது. உடம்பு முன்னால் சாய, பாதம் மட்டும் வர மறுத்தது. பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் ஓடிப்போய் நிபுணரைக் கையோடு இழுத்துவந்தாள்.

நிபுணரின் பூட்ஸ் சத்தம் காதில் விழுந்ததுதான் தாமதம், மைதானத்துக்குத் தலைமை விருந்தினர் வந்த மாதிரி டிரில் மாஸ்டர் நிமிர்ந்தார். உதடு அசைந்தது. கதவைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, கேட் வரை அணிவகுத்துப் போய், திரும்பி ஒரு சல்யூட்டும் வைத்தார்.

"போதுமாம்மா?" என்றார் நிபுணர். "வியாதி அவருக்கு இல்ல. வீணா கவலைப்படுறீங்களே, அதுக்கு மேல்மாடியில வேற டாக்டர் இருக்கார்."

தெருவில் அவள் மெல்லக் கேட்டாள். "வேற யாரையாவது பார்ப்போமாங்க?"

"பாஸானவன் மறுபடி பரீட்சை எழுதுவானாடி? இந்தப் பேச்சு இன்னியோட முடிஞ்சுது."

சொல்லி முடிக்குமுன் நடைபாதை ஓரத்தில் கால் ஒட்டிக்கொண்டது. ஒரு கால் இறங்கியிருந்தது, மற்றது வரவில்லை. வண்டிகள் ஹாரன் அடித்தன. அவர் உதட்டை அசைத்துப் பார்த்தார். இந்த முறை கால் கேட்கவில்லை. அவர் கண்ணில் பயத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"நீ… நீ சொல்லுடி" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

மருத்துவமனையிலிருந்து வெளியேறிய காரின் கண்ணாடியை இறக்கி, நிபுணர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

அவள் அந்த ஆடாத கையைப் பிடித்துக்கொண்டாள். "லெஃப்ட்… ரைட்… லெஃப்ட்…" என்று ஆரம்பித்தாள். கால் நகர்ந்தது. வீடு வரும்வரை அவள் நிறுத்தவில்லை. வழியில் பார்த்தவர்களுக்கு அது அற்புதமான நடையாகத்தான் தெரிந்திருக்கும்.